மாப்பிள்ளைக்கு ஒரு தூ

சாளை மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டே எவளாவது இத்தாலிய பாஷை படிப்பாளா? பிரம்மசக்தி படித்துக்கொண்டிருந்தாள். பாளையங்கோட்டை வீட்டு அடுக்களையில், தொட்டிக்கு மேலே உப்பு ஜாடியில் செல்போனைச் சாய்த்து வைத்திருந்தாள். அதற்குள்ளிருந்து பாவ்லா என்கிற பெண்பிள்ளை, எங்கள் ஊர்க் கடையில் தக்காளியை வெறுங்கையால் தொட்டுவிடாதீர்கள், பக்கத்திலேயே பிளாஸ்டிக் உறை தொங்கும், மாட்டிக்கொண்டு எடுங்கள் என்று படித்துப் படித்துச் சொன்னாள். அழுத்திப் பார்க்காமல் தக்காளி வாங்குகிறவள் என்ன குடும்பம் நடத்துவாள், போ. ஆனாலும் அந்தப் பிள்ளை பேசுகிற அழகே அழகு, வாயில் கல்கண்டு போட்டுக்கொண்ட மாதிரி. பாவ்லாவிடம் இப்படித்தான் எத்தனையோ கற்றாயிற்று. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பால் ஊற்றின காப்பி கேட்டால் அங்கே ஒரு மாதிரி பார்ப்பார்கள். கட்டில்மேல் தொப்பியை வைத்தால் ஆகாது. ஈரத்தலையோடு வாசலுக்குப் போனால் கழுத்துப் பிடித்துக்கொள்ளும் என்று அந்த ஊர் அம்மாமார்களும் பிள்ளைகளைத் திட்டுகிறார்கள், நம்மைப் போலத்தான். இது நடுத்தர வகுப்பாம். ஆரம்பக்காரர்களுக்கு இல்லை என்று ஒவ்வொரு தடவையும் பாவ்லா விரலை ஆட்டிச் சொல்லுவாள். இந்த நடுத்தரம் இருக்கிறதே, அதுதான் பொல்லாத இடம். ஒன்றுமே தெரியாதவள் சிரித்துக்கொண்டு நின்றால் போதும், முழுசாய்த் தெரிந்தவளுக்கு எந்தப் பயமும் இல்லை, பாதி தெரிந்தவள்தான் பள்ளத்தில் விழுவாள். பன்னிரண்டரைக்கு மாப்பிள்ளை கூப்பிடுவார். நடுவில் மகள் சிந்துஜா இல்லாமல், நேராக, தனியாக. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து, யார் யாருக்கோ ட்ரங்க் கால் போட்டுக்கொடுத்தவள் அவள். லைன் கொடுத்தால் வேலை முடிந்தது, பேசுவது அவரவர் பாடு. இன்றைக்கு லைன் கொடுக்க ஆள் இல்லை, பேசுவதும் அவள் பாடு. மேல்மீனின் வயிற்றைக் கீறிக் குடலை வழித்துப் போட்டாள்.

போன வாரம் சிந்துஜா கூப்பிட்டபோதும் இப்படித்தான் கை ஈரம். முந்தானையில் துடைத்துவிட்டு எடுத்தாள். "அம்மா, நானும் எமிலியோவும் பிரிஞ்சிரலாம்னு இருக்கோம்." நாளைக்கு மழை வரும்போல என்று சொல்லுகிற குரலில் சொன்னாள். "ஏட்டி, என்னட்டி சொல்லுத?" "சண்டை எல்லாம் கிடையாதும்மா. ஒத்து வரல, அவ்வளவுதான்." "கையை நீட்டினாரா?" "சே, அவனா?" "குடியா?" "அம்மா!" "வேற எவளும்..." "ஒண்ணும் கிடையாதும்மா. ஒரு வீட்டுல ரெண்டு வாடகைக்காரங்க மாதிரி ஆயிட்டோம். அவன் அண்ணன் வீட்டுக்குப் போயிட்டான்." அடிக்கவில்லை, குடிக்கவில்லை, அப்புறம் என்ன கேடு? அவள் புருஷன் ஆறுமுகநயினார் இருந்திருந்தால் அன்றைக்கே இத்தாலிக்கு, அவர்கள் இருக்கிற பதோவாவுக்கு விமானம் ஏறியிருப்பார், அல்லது ஏறப்போகிறேன் என்று ஒரு வாரம் கத்திவிட்டு சாய்வு நாற்காலியில் படுத்திருப்பார், இரண்டில் ஒன்று. நல்லவேளை போய்ச் சேர்ந்தார், அதைக் கேட்கிற காது இவளுடையதாக இருக்கட்டும் என்று. போனை வைக்கிறதற்கு முன்னால் சிந்துஜா சொன்ன ஒன்றுதான் தொண்டையில் மாட்டின முள். "அவன் ஒண்ணு சொல்லிட்டே இருப்பாம்மா. உங்கம்மா என்னைக் கடைசி வரைக்கும் வீட்டுக்குள்ள விடவே இல்லன்னு." விடவில்லையா? யார், நானா? அவர் முதல் தடவை இந்த வீட்டுக்கு வந்தபோது நாங்கள் படுத்த கட்டிலை விட்டுக்கொடுத்துத் தரையில் படுத்தோமே. ஆறுமுகநயினார் தன் ஆயுசில் யாருக்கும் எழுந்திருக்காத மனுஷர், மாப்பிள்ளை கூடத்துக்கு வந்தால் தன்னை மறந்து எழுந்து நிற்பாரே. தட்டில் முதல் துண்டு அவருக்கு, நடுத்துண்டு. வாங்க, உக்காருங்க, சாப்பிடுங்க, படுங்க. ஒரு வார்த்தை ஒரு நாள் குறைந்ததா? வெள்ளைக்காரன் என்று தெருவே எட்டிப் பார்த்தபோது, ஆமா, எங்க மாப்பிள்ளைதான், உங்க வீட்டு மாப்பிள்ளைக்கு என்ன குறைச்சலோ அதைப் போய்ப் பாருங்க என்று சொன்னவள் நான். அவருக்காகத்தானே இந்த வயதில் பாஷை படித்தேன்? அது சத்தியம். சிந்துஜா மொழிபெயர்த்துச் சொல்லுகிற மாப்பிள்ளை வேறு, அவர் வாயால் சொல்லுகிற மாப்பிள்ளை வேறாக இருப்பார் என்று தோன்றித்தானே ஆரம்பித்தது. ஆரம்பித்தபோது சுலபமாகத்தான் இருந்தது, இங்கிலீஷ் மாதிரி இல்லை. 'மி பியாச்சே' என்றால் எனக்குப் பிடிக்கும். நான் பிடிக்கிறேன் இல்லை, எனக்குப் பிடிக்கும். ஆஹா, நம்ம ஆளுங்களப்பா இவங்க என்று அன்றைக்கு அடுக்களையில் தனியாக நின்று சிரித்தாள். பிடிக்கிறது எல்லாம் நமக்கு வந்து சேருவதுதானே தவிர நாம் செய்வது இல்லை என்று தெரிந்த ஜனங்கள். அப்படிப்பட்ட ஜனத்தில் ஒருவர், உங்கம்மா என்னை வீட்டுக்குள் விடவில்லை என்கிறார்.

தக்காளி முடிந்துவிட்டது. பாவ்லா கையாட்டிவிட்டுப் போனாள். நிறுத்தலாம் என்றால் விரல் முழுக்க மீன் கவிச்சி, முழங்கையால் ஒரு இடி இடித்துப் பார்த்தாள், போன் சாய்ந்ததே தவிர நிற்கவில்லை. அது பாட்டுக்கு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டது. ஒரு மாடிக்குடியிருப்பு, படிக்கட்டு, பாவ்லாவும் நரைத்த ஒரு அம்மாளும். இன்றைக்கு நாம் தூவையும் லெயியையும் பார்க்கப்போகிறோம் என்றாள். அட, இது தெரிந்ததுதானே. இது ஆரம்பப் பாடம். தூ என்றால் நீ, லெயி என்றால் நீங்க. பிள்ளைகளுக்கும் கூட்டாளிகளுக்கும் நாய்க்கும் தூ. பெரியவர்களுக்கும் மரியாதைப்பட்டவர்களுக்கும் லெயி. மரியாதைப்பட்டவர்கள் என்றால் மாப்பிள்ளைக்கு மேலே யார் இருக்கிறார்கள்? இதைப் படித்த அன்றைக்கே அவருக்கு லெயிதான் என்று பிரம்மசக்தி முடிவுகட்டிவிட்டாள். அதுவும் தூ! என்ன சொல் அது? நம்ம ஊரில் ஒருத்தன் முகத்துக்கு நேரே தூ என்றால் அப்புறம் ரெண்டு குடும்பமும் நல்லது கெட்டதுக்குப் போகாது. பெண்ணைக் கட்டின மனுஷனைப் பார்த்துத் துப்புவதா? நாக்கு எழும்புமா? பதோவாவில் அவர்கள் வீட்டில் மூன்று மாதம் போய் இருந்தபோது ஒரு காலை நேரம். ஆறுமுகநயினார் போன துக்கம் அப்போது ஆறவில்லை, பொழுது விடிந்தால் பகீர் என்று இருக்கும். சிந்துஜா வேலைக்குப் போயிருந்தாள். மாப்பிள்ளை அடுப்பில் அந்தக் குட்டிக் காப்பிச் சட்டியை வைத்துவிட்டு, திரும்பி, கை ரெண்டையும் துணியில் துடைத்துக்கொண்டு சொன்னார், 'தம்மி தெல் தூ.' சொல்லுக்குச் சொல் புரிந்தது. தம்மி, எனக்குத் தாங்க. தூ, தெரியும். எனக்குத் தூ தாங்க. அதாவது என்னை நீ என்றே கூப்பிடுங்கள் என்கிறார். ஐயோ, எவ்வளவு நல்ல பிள்ளை, எவ்வளவு அடக்கம்! நம்ம பக்கத்து மாப்பிள்ளை ஒருத்தனாவது இப்படிச் சொல்லியிருப்பானா? அந்த அடக்கத்துக்குத் தக்க பதில் சொல்ல வேண்டாமா? பந்தியில் உட்காரச் சொன்ன உடனே உட்காருகிறவனுக்கு நம்ம ஊரில் வேறு பெயர். வேண்டாம், இருக்கட்டும், அதெல்லாம் எதுக்கு என்று மூன்று தடவை சொல்லி, நாலாவது தடவை கையைப் பிடித்து இழுத்த பிறகுதான் உட்காருவோம். பிரம்மசக்தி நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, 'நோ, நோ, லெயி. ஸெம்ப்ரே லெயி' என்றாள். எப்பவும் நீங்கதான். மறந்துபோகாமல் 'ஸெம்ப்ரே' என்கிற சொல்லைச் சேர்த்ததில் அவளுக்கு ஒரு பெருமை. அவர் சிரித்தார். சிரித்தாரா? உதடு சிரித்தது. காப்பி பொங்கி அடுப்பில் வழிந்தது, அதைத் துடைக்கத் திரும்பிக்கொண்டார். அதற்குப் பிறகும் ரெண்டு தடவை கேட்டார், ஒரு தடவை கடைத்தெருவில், ஒரு தடவை ரயிலடியில். ரெண்டு தடவையும் அவள் அதே கை, அதே நெஞ்சு, அதே பெருமை. நாலாவது தடவை கேட்டிருந்தால் சரி என்றிருப்பாள். கட்டாயம் சரி என்றிருப்பாள். அதற்காகத்தானே காத்திருந்தாள்? அந்த ஊரில் நாலாவது தடவை கேட்க மாட்டார்களாமே.

"யாராவது உங்களிடம் தூ கொடுக்கச் சொன்னால்," என்று பாவ்லா போனுக்குள்ளிருந்து நேராகப் பிரம்மசக்தியைப் பார்த்துச் சொன்னாள், "அது மரியாதைக்குச் சொல்லுகிற பேச்சு இல்லை. உள்ளே வாருங்கள் என்று சொல்லுகிறார்கள். நீங்கள் லெயியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தால், அவரைப் படிக்கட்டிலேயே நிறுத்திவைத்துப் பேசுகிற மாதிரி." நரைத்த அம்மாள் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினாள். கத்தி மீனின் முள்ளில் போய் நின்றுவிட்டது. திரும்பச் சொல்லேன் பிள்ளை என்று சொல்ல வாய் வந்தது, ஆனால் திரும்பச் சொல்ல அது மனுஷியா? அவளுக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்திருந்தது, புரியாமல் இருந்திருக்கலாம். வீட்டுக்குள் விடவே இல்லை. படிக்கட்டிலேயே. மூன்று மாதம் அவர் வீட்டில் தின்று, அவர் வாங்கிப்போட்ட கம்பளியைப் போர்த்திக்கொண்டு, அவரை அவர் வீட்டுப் படிக்கட்டிலேயே நிறுத்திவைத்திருக்கிறாள். அம்மா இல்லாத பிள்ளை அது. பள்ளிக்கூடம் முடிக்கிறதற்கு முன்னாலேயே அம்மா போய்விட்டாளாம், சிந்துஜா சொல்லியிருக்கிறாள். ஆரம்பத்தில் அவன் இவளிடம், 'அய் மஞ்சாத்தோ?' என்பான், நீ சாப்பிட்டியா? மாமியாரைப் போய் நீ வா போ என்று பேசுதாரே, ஒரு வார்த்தை சொல்லி வைட்டி என்று மகளிடம் புகார் சொன்னவள் யார்? பிரம்மசக்திதான். சொந்த அம்மாவை எந்த மகன் நீங்க என்கிறான்? நம்ம ஊரிலும் அம்மா என்றால் நீதானே, அது ஏன் அப்போது உறைக்கவில்லை? சிந்துஜா சொல்லிவைத்திருக்க வேண்டும், அதற்கப்புறம் அவன் நீயும் சொல்லவில்லை, நீங்களும் சொல்லவில்லை. பசி இருக்கிறதா, காப்பி இருக்கிறது, வெளியே குளிர் என்று ஆளில்லாத வாக்கியமாகவே பேசினான். கூப்பிடத் தெரியாத ஆளோடு நாமும் அப்படித்தானே பேசுவோம், சாப்பாடு ஆச்சா, எப்ப வந்தது என்று. பாவ்லா இன்னும் முடிக்கவில்லை. "தூ என்று பேசினவர்கள் மறுபடியும் லெயிக்குத் திரும்பினால், அதைவிடக் குளிர்ந்த விஷயம் எங்கள் பாஷையில் இல்லை. இனி நமக்குள் ஒன்றுமில்லை என்று அர்த்தம்." ஐயோ, அந்தச் செய்தி. நாலு நாளைக்கு முன்னால் அவன் அனுப்பினது. ஸிஞ்ஞோரா, அதாவது அம்மணி, ஞாயிற்றுக்கிழமை உங்களைக் கூப்பிடலாமா? கியமார்லா. அந்த 'லா' லெயியேதான், அதன் முதல் எழுத்தைச் சொல்லுக்கு நடுவிலேயே பெரிய எழுத்தாகப் போட்டிருந்தான், மரியாதைக்காக அப்படித்தான் எழுதுவார்கள். அதைப் பார்த்து, இத்தனை துக்கத்திலும், மாப்பிள்ளைக்கு இப்பவாவது மரியாதை தெரிந்திருக்கிறதே என்று மனசு குளிர்ந்தாள், கழுதை. அடி பாவி மட்டை. அவன் கதவைச் சாத்திக்கொண்டு போகிற சத்தத்தைக் கேட்டு, என்ன பணிவு என்று மெச்சிக்கொண்டிருந்திருக்கிறாள்.

மீதி மீனை எப்படி ஆய்ந்தாள், எப்படிக் கழுவினாள் என்று அவளுக்கே தெரியாது. புளி கரைத்தாள். கை கரைத்தது, வாய் வேறு வேலையில் இருந்தது. அவன் எப்படி ஆரம்பிப்பான் என்று தெரியும். ஸிஞ்ஞோரா, எப்படி இருக்கீங்க என்பான். இவள் பேனே என்று சொல்லவேண்டும், நல்லா இருக்கேன். அதோடு நிறுத்தக் கூடாது, திருப்பிக் கேட்கவேண்டும், அது அங்கே மரியாதை. 'எ லெயி', நீங்க எப்படி? இதுவரைக்கும் அப்படித்தான் கேட்டிருக்கிறாள். இன்றைக்கு, 'எ தூ?' நீ எப்படி இருக்க? அவ்வளவுதான் செய்யவேண்டியது. ரெண்டு எழுத்து. பேனே, எ தூ. குழம்பைக் கிண்டிக்கொண்டு சொல்லிப் பார்த்தாள். பேனே, எ... ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அவன் இனி மாப்பிள்ளையே இல்லையே, அப்புறம் என்ன மரியாதை வேண்டிக்கிடக்கிறது? மகள் அத்துக்கொண்டு போனால் மாப்பிள்ளை நமக்கு என்ன முறை? யோசித்துப் பார்த்தாள், அதற்கு முறையே இல்லை. சித்தப்பா மச்சினனுக்குக்கூட நம்மிடம் பெயர் உண்டு, இவனுக்கு இல்லை. முறை இல்லாதவனை எந்த முறைப்படி விடுவது? மகளுக்கு வேண்டாம் என்றால் அது மகள் பாடு, ஒத்துவரவில்லை என்றால் வரவில்லை, கட்டிவைத்தா அடிக்க முடியும்? ஆனால் எனக்குமா வேண்டாம்? எனக்கு அவன் வேணும். இதை இத்தனை வருஷத்தில் இன்றைக்குத்தான் நினைக்கிறாள், அதுவும் புளிக்கரைசல் முன்னால். மி பியாச்சே என்பதற்கும் மேலே ஒன்று. சொல்லியிருந்தால், அந்தக் காப்பி பொங்கின காலையில் ஒரு தூ சொல்லியிருந்தால், அவன் அந்த வீட்டில் கொஞ்சம் கூடுதலாக ஒட்டியிருப்பானோ? அவர்கள் இருவரும் பிரிந்தது இவளாலா? இல்லை, அது பைத்தியக்காரத்தனம், இவள் என்ன அவ்வளவு பெரிய ஆளா? ஆனாலும், ஒரு ஓட்டைப் படகில் ஒரு கை தண்ணியை வெளியே இறைக்கவாவது உதவியிருக்கலாம், இவளும் ஒரு கை உள்ளே ஊற்றியிருக்கிறாள். ஒர்மாய் என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள், இனிமே என்ன, காலம் தாண்டிப்போச்சே என்கிற அர்த்தத்தில். பாவ்லா அதைச் சொல்லும்போது தோளைக் குலுக்குவாள். குலுக்காதே பிள்ளை, எனக்கு இன்னும் நேரம் இருக்கிறது, அவன் இன்னும் கூப்பிடவில்லை. அடுப்பை அணைத்தாள். சோப்புப் போட்டுக் கையைக் கழுவினாள், எலுமிச்சம்பழத் தோலைத் தேய்த்து இன்னொரு தடவை கழுவினாள், போனில் வாசனை போகாது என்று தெரிந்தும். பேனே, எ தூ.

போன் அடித்தது. "புவோஞ்சோர்னோ, ஸிஞ்ஞோரா," என்றான். குரல் சுத்தமாக இருந்தது, சலவை செய்து மடித்த மாதிரி. "எப்படி இருக்கீங்க?" லெயியில்தான் கேட்டான். "பேனே," என்றாள் பிரம்மசக்தி. அது வந்தது. அடுத்தது வரவில்லை. வாயைத் திறந்தாள், எ வரைக்கும் காற்று வந்தது, தூ பல்லுக்குப் பின்னால் நின்றுகொண்டு வெளியே வரமாட்டேன் என்றது. ஒரு மூச்சு நேரம் அவன் காத்திருந்தான். காத்திருந்தான், அது நிச்சயம், லைனில் காத்திருக்கிற மனுஷன் விடுகிற மூச்சு அவளுக்குத் தெரியாதா? பிறகு அவனே பேச ஆரம்பித்துவிட்டான், அவளுக்குப் புரியவேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்து. எல்லாம் புரிந்தது. நீங்கள் எனக்கு எப்போதும் நல்லது செய்தீர்கள், ஸிஞ்ஞோரா. உங்கள் வீட்டில் எனக்கு நல்ல கட்டில் தந்தீர்கள். உங்கள் கணவர் என்னைப் பார்த்து எழுந்து நிற்பார், எனக்கு வெட்கமாக இருக்கும். சிந்துஜாவின் மேல் எந்தக் குறையும் இல்லை. என்னால் உங்களுக்குத் துக்கம் வந்திருந்தால் மன்னியுங்கள். நன்றி சொல்லிவிட்டுப் போகவேண்டும் என்று தோன்றியது, அதற்குத்தான் கூப்பிட்டேன். ஒவ்வொரு வாக்கியத்திலும் லெயி, லெயி, ஒன்றைக்கூட மறக்கவில்லை. ஆளில்லாத வாக்கியம் பேசினவன் இன்றைக்கு ஆளை வைத்துப் பேசுகிறான், அந்த ஆள் யாரோ ஒரு ஸிஞ்ஞோரா. இவள் ஸீ, ஸீ, ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டிருந்தாள், போனில் தலையாட்டி என்ன பயன்? இப்போது சொல்லு, இந்த வாக்கியத்துக்கும் அடுத்த வாக்கியத்துக்கும் நடுவில் சொல்லு, சொல்லித்தொலையேன். "அர்ரிவெதேர்லா, ஸிஞ்ஞோரா," என்றான் அவன். போய் வருகிறேன், அதிலும் மரியாதையான போய் வருகிறேன். வைக்கப்போகிறான். வைத்துவிட்டால் யார் மறுபடி லைன் கொடுப்பார்கள்? படித்த பாஷை முழுவதும் அவளை விட்டு ஓடிப்போனது. பிரம்மசக்தி கத்தினாள்.

"ஏலேய்! வச்சிராதலேய்!"

தெருவுக்கே கேட்டிருக்கும். பெற்ற பிள்ளை பஸ்ஸில் ஏறிப் போகிறபோது படியைப் பிடித்துக்கொண்டு கத்துகிற கத்தல். ஆண்பிள்ளை பெறாத அவள் வாயில் ஒரு நாளும் வராத கத்தல். தூவுக்கும் மேலே, அதற்கு மேலே உரிமை நம்ம பாஷையில் கிடையாது, நெஞ்சிலிருந்து அது தானாகக் கிளம்பி வந்துவிட்டது, அவளுக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. பிறகு அவன், யாரோ கடைசி நேரத்தில் ஞாபகம் வந்து மரியாதைக்கு விசாரித்தால் பதில் சொல்லுகிற மாதிரி, மெதுவாகச் சொன்னான்.

"ஆ, நானா? நானும் நல்லா இருக்கேன், ஸிஞ்ஞோரா. க்ராட்சியே."

பிரம்மசக்திக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. ஏலேய். எ லெயி. நீங்க எப்படி இருக்கீங்க? அவன் காதில் அப்படித்தான் விழுந்திருக்கிறது. "இல்லலேய்," என்றாள், "அப்படி இல்லலேய்," என்றாள் மறுபடியும். வாயைத் திறந்தால் அந்தச் சொல்தான் வந்தது.

"ஸீ, ஸிஞ்ஞோரா," என்றான் அவன், "லெயி."